துணைவேந்தர் வந்த வில்வண்டி

விடாமல் கொட்டிய ஆடி மழை அன்று காலையில்தான் கொஞ்சம் மூச்சு விட்டது. நெல்லியாம்பதி மலைச்சரிவில் அருவிகள் வெள்ளை வெள்ளையாகக் கோடு கிழித்திருந்தன. வெள்ளாரம்பதிக்காரர்கள் எவரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஊரே முதலமடை ரயில் நிலையத்தில் கூடியிருந்தது. குருத்தோலைத் தோரணம், குலை தள்ளிய வாழை, பொள்ளாச்சியிலிருந்து வந்த நாயனக் கோஷ்டி, போட்டிக்கு உள்ளூர்ச் செண்டைக்காரர்கள் என்று அந்தச் சின்ன ஸ்டேஷன் கல்யாண வீடாகிவிட்டது.

கூட்டத்துக்கு முன்னால் ராசம்மாள் நின்றாள். வரப்போகிறவர் அவளுடைய அண்ணன் செங்கோட்டையன். இப்போது டாக்டர் செங்கோட்டையன். சித்தூர் ஹைஸ்கூலில் படித்து, சென்னைக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய், தென்னாட்டு மொழிகள் ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று ஆராய்ந்து தடிதடியாகப் புத்தகம் எழுதியவர். வெள்ளைக்காரப் பேராசிரியர்களுக்கே சந்தேகம் வந்தால் அவருக்குத்தான் எழுதிக் கேட்பார்கள் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. மங்களூரில் வேலையாக இருந்தவரைக் கிழக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக நியமித்திருந்தார்கள். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் புதிதாகப் போட்ட பாதையில், அன்று மத்தியானத்து வண்டியில் அவர் போகிறார் என்று பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் நல்லதம்பி விசாரித்து வைத்திருந்தார்.

துணைவேந்தர் என்றால் என்ன என்பதில் ஊருக்குள் பெரிய தர்க்கமே நடந்தது. நல்லதம்பிதான் தீர்த்துவைத்தார்.

"வேந்தருன்னா ராசா. துணைவேந்தருன்னா ராசாவுக்கு அடுத்தவரு. கொச்சி ராசாவுக்கு எளைய ராசா இருக்கறாரல்லங்க, அதாட்டம் வெச்சுக்கங்க."

வெள்ளாரம்பதியில் பிறந்தவன் இளைய ராசா ஆகிவிட்டான் என்று கேட்டதும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு சங்கடம். முதலமடையில் வண்டி இரண்டு நிமிஷந்தான் நிற்கும். அதற்குள் மாலை, மேளம், நல்லதம்பி எழுதிய வரவேற்புப் பத்திரம் எல்லாம் முடிந்தாக வேண்டும். அவர் பத்து நாளாக வேப்பமரத்தடியில் நின்று அதை வேகமாகப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார்.

ராசம்மாளுக்கு அந்த இரண்டு நிமிஷமே பெரிது. அவளுக்குக் கல்யாணமான மறுவருஷம் ஊரை விட்டுப் போன அண்ணனை அவள் அதன்பிறகு பார்க்கவில்லை. கோதாவரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, இளம் வயதிலேயே தாலியிழந்தவள், காமேசுவரி என்று பெயர். அவளை அண்ணன் சென்னையில் கல்யாணம் செய்துகொண்டார். அப்பாவுக்குச் செய்தி எட்டியதும், "அவனும் அவளும் இந்த வாசப்படி மிதிக்கப்படாது" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். அப்பா இறந்தபோது அண்ணன் கடல் கடந்திருந்தார். அதன்பிறகு அவரை வராதே என்று சொல்லவும் ஆளில்லை, வா என்று கூப்பிடவும் ஆளில்லை.

அப்பாவின் தங்கை நாச்சம்மாள் அத்தை ஆலாத்தித் தட்டோடு பக்கத்தில் நின்றாள். மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"அவனுக்கு எடுக்கறேன். அவ எறங்குனா நான் தட்டைத் தொட மாட்டேன். எங்கண்ணன் சொன்ன சொல்லு இருக்குது."

"ரெண்டு நிமிசத்துல யாருங்கத்தை எறங்கப் போறாங்க" என்றாள் ராசம்மாள். சண்டைக்கு அது நேரமில்லை.

வண்டி வரவேண்டிய நேரம் கடந்தது. அப்புறமும் கடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் யாக்கோபு அறையை விட்டு வெளியே வந்தார். கோட்டயத்துக்காரர், வரவேற்புக்காகத் தானும் ஒரு ரோஜா மாலை வாங்கி வைத்திருந்த மனிதர். அவர் முகத்தைப் பார்த்ததுமே நாயனக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"பாலம் போயி" என்றார் யாக்கோபு. "நடுவில உள்ள ஓடைப் பாலம். வண்டி கொல்லங்கோட்டுல நிக்குது. எஞ்சினுக்குத் தண்ணி பிடிச்சிட்டு பாலக்காட்டுக்கே திரும்பும்னு கம்பி அடிச்சாங்க. அதோட கம்பியும் அறுந்து."

"அப்ப எங்கண்ணன்?"

"பாலக்காட்டுக்குப் போய் ஈரோடு வழியா சுத்திப் போவாரு. அவருக்கு ஒரு கேடும் இல்ல. நமக்குத்தான்." அவர் தோரணத்தைப் பார்த்தார். 

கூட்டம் அப்படியே தணிந்துபோயிற்று. நல்லதம்பி பத்திரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். ராசம்மாள் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையாமல் கேட்டாள்.

"இக்கட்ட தண்டவாளம் நல்லா இருக்குதுங்களா?"

"இந்தப் பக்கம் ஒண்ணும் ஆகலம்மா. பொள்ளாச்சி வண்டி சாயங்காலம் இங்க வந்து, இங்கிருந்தே திரும்பும்."

ராசம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். குப்பண்ணன்தான் வரவேற்புக் கமிட்டித் தலைவர். புதுக்கோட்டும் சரிகைத் தலைப்பாகையுமாக, கையில் மாலையோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தார்.

"ஏனுங்க, வில்வண்டியைக் கட்டுங்க. மயிலைக் காளை ரெண்டையும் பூட்டுங்க."

"எதுக்கு?"

"கொல்லங்கோட்டுல போயிக் கூட்டிட்டு வந்தரலாம். சாயங்கால வண்டிக்கு இங்கிருந்தே ஏத்தியுட்டாப் போச்சு. ரெண்டு நிமிசம் இல்லீங்க, நாலு மணி நேரம் நம்மகிட்ட இருப்பாங்க."

"ரயிலு திரும்பிப் போறதுக்குள்ள எப்பிடிப் புள்ள போறது? ஓடையில தண்ணி வேற."

அவள் அதற்குள் வண்டி நிற்கிற புளியமரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த மயிலைக் காளைகள் தைமாத ஓட்டத்தில் பொள்ளாச்சி மிராசுதார்களின் மாடுகளையே பின்னால் விட்டவை. ராசம்மாள் கன்றிலிருந்து தண்ணீர் காட்டி வளர்த்தவை. வண்டிக்காரன் ஊரில் இல்லை. குப்பண்ணன் கயிற்றைப் பிடிக்கப் போனபோது அவள் முந்திக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயா ஓட்டறே? இத்தனை சனம் பாக்குது."

"நீங்க ஓட்டுனா மாடு நடக்கும். நான் ஓட்டுனா ஓடும். ஏறுங்க."

குப்பண்ணன் மாலையோடு ஏறினார். வண்டி புறப்பட்ட வேகத்தில் பின்பலகையில் போய் விழுந்து, மாலையை மட்டும் கசங்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மண்சாலை சேறும் பள்ளமுமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் நாற்று முங்கிய வயல்கள், கரையில் பனைகள். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் குப்பண்ணன் முருகா முருகா என்றார். ராசம்மாள் காளைகளை அடிக்கவே இல்லை. பெயரைச் சொல்லிச் சொல்லிப் பேசிக்கொண்டே போனாள். சின்ன வயதில் அண்ணனும் அவளும் அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியை அவிழ்த்துக்கொண்டு இதே சாலையில் ஓட்டியிருக்கிறார்கள். 

"ராசு" என்று பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டார் குப்பண்ணன். "அந்தப் பொம்பளையும் கூட இருப்பாளே. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனா ஒறவுக்காரங்க நாளைக்கு நம்மூட்டுல கை நனைப்பாங்களா?"

"நனைக்காட்டிப் போறாங்க. சோறு மிச்சம்."



ஓடைக்கு வந்தபோது செம்மண் தண்ணீர் தரைப்பாலத்தை மூடிக்கொண்டு சுழித்து ஓடியது. கிழக்கே கொஞ்ச தூரத்தில் ரயில்பாலத்தின் தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின. எதிர்க்கரையில் ஓலைக்குடை பிடித்த இரண்டு பேர், வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். காளைகள் தண்ணீரைப் பார்த்துத் தலையை உதறின.

ராசம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தாள். தண்ணீர் தொடை மட்டுந்தான். இழுப்பு பலமாக இருந்தது. இடது காளையின் மூக்கணாங்கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, அதன் காதோடு பேசி, ஓரடி வைக்கச் சொன்னாள். அது வைத்தது. திரும்பிப் பார்த்தபோது குப்பண்ணன் கோட்டோடு மறுபுறம் இறங்கி வலது காளையைப் பிடித்திருந்தார். நட்டாற்றில் அவருடைய சரிகைத் தலைப்பாகை அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. நீளமாக விரிந்து, வெயில் பட்டு மின்னிக்கொண்டே போயிற்று. அவர் ஒரு கணம் அதைப் பார்த்தார்.

"போனாப் போகுதுங்க" என்றாள் ராசம்மாள்.

"போகட்டும். மாட்டை உட்ராதே."

அக்கரை ஏறியதும் அவருக்கும் வேகம் பிடித்துவிட்டது. "ஓட்டு புள்ள, ஓட்டு" என்று பின்னாலிருந்து அவரே முடுக்கினார்.

கொல்லங்கோட்டு ஸ்டேஷன் கண்ணில் படும்போதே எஞ்சின் கூவிற்று. சாலையும் தண்டவாளமும் பக்கம் பக்கமாக ஓடுகிற இடம் அது. ரயில் மெதுவாகப் பாலக்காட்டுப் பக்கம் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. ராசம்மாள் காளைகளை ரயிலோடு சேர்த்து ஓடவிட்டாள். கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். பெட்டி பெட்டியாக முகங்கள். எந்தப் பெட்டியில் என்று எப்படித் தெரியும்?

"அண்ணா, அண்ணோவ்" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

தங்கையுள்ளவர்கள் அந்த ரயிலில் நிறையப் பேர் போலும். ஜன்னல் தோறும் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவளுடைய அண்ணன் தலை மட்டும் அதில் இல்லை. ரயிலுக்கு வேகம் ஏறிக்கொண்டிருந்தது.

கடைசிக்கு முந்தின பெட்டியில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் ராசம்மாளை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடி இருந்தாள். சட்டென்று ஜன்னலிலிருந்து மறைந்தாள். அடுத்த நொடி, ரயில் முழுதும் பல்லைக் கடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

கார்டு கொடியும் கையுமாக ஓடிவந்தார். "சங்கிலியை யார் இழுத்தது? என்ன ஆபத்து?"

"நான்தான் இழுத்தேன்" என்றபடி அந்தப் பெண் கதவைத் திறந்தாள். கோதாவரித் தெலுங்கின் ராகம் ஏறிய தமிழ். "என் நாத்தனார் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அவளைப் பார்க்காமல் போவது ஆபத்து இல்லையா?"

அவளுக்குப் பின்னால், புத்தகத்துக்கு நடுவே விரலை வைத்துக்கொண்டு, எதற்காக நின்றோம் என்று புரியாமல் ஒரு நரைத்த தலை எட்டிப் பார்த்தது. சேறு தெறித்த முகத்தோடு வண்டியில் நின்றவளைக் கண்டது.

"அம்மிணி" என்றார் துணைவேந்தர்.

வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் ராசம்மாளுக்கு எங்கோ போய்விட்டது. கோபந்தான் வந்தது.

"ஊடு அக்கட்ட இருக்குது. நீங்க இந்த ரயிலை நம்பி உக்காந்துட்டுத் திரும்பிப் போறீங்களே."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குப்பண்ணன் வண்டியிலிருந்து இறங்கி, அண்ணன் கழுத்தில் மாலையைப் போட்டார். பிறகு காமேசுவரி முன்னால் வந்து நின்றார்.  தலைப்பாகையில்லாத தலையைத் தடவிக்கொண்டு, "வாங்கக்கா" என்றார்.

ராசம்மாள் அவள் கையைப் பிடித்து, அண்ணன் மனைவியை அழைக்கிற முறையில், "நங்கை, பாத்து எறங்குங்க. சேறு" என்றாள். "என்னை எப்பிடிங்க தெரிஞ்சுது உங்களுக்கு?"

"இந்த நெற்றியைத்தான் நான் தினமும் பார்க்கிறேனே" என்றாள் காமேசுவரி.

திரும்பும்போது ஓடையில் தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. துணைவேந்தர் செருப்பைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மாட்டின் கயிற்றை அவர் பிடித்த பிடியைப் பார்த்துக் குப்பண்ணன், "மச்சானுக்கு மறக்கலீங்க" என்றார்.

"மறக்கறதுக்கு நான் என்ன, இலக்கணமா படிச்சேன் இதை?" என்றார் அவர். ராசம்மாளுக்கு உள்ளே ஒரு பயம் இருந்தது. அண்ணன் இங்கிலீஷிலோ புத்தகத் தமிழிலோதான் பேசுவார், ஊரார் வாயைப் பார்த்து நிற்பார்கள் என்று. அந்தப் பயம் ஓடைத் தண்ணீரோடு போயிற்று.

வெள்ளாரம்பதி எல்லையில் பனைமேல் இருந்த ஒருவன்தான் முதலில் வண்டியைக் கண்டான். உச்சியிலிருந்து அவன் கொடுத்த குரலுக்குச் செண்டை பதில் சொல்லிற்று. செண்டைக்கு மேல் நாயனம் ஏறிற்று. கலைந்துபோன கூட்டமெல்லாம் திரும்பி ஓடிவந்தது. யாக்கோபு ஸ்டேஷனைப் பூட்டிக்கொண்டு, தம்முடைய ரோஜா மாலையோடு முன்னால் வந்துவிட்டார்.

வீட்டு வாசலில் நாச்சம்மாள் அத்தை தட்டோடு நின்றாள். அண்ணனும் காமேசுவரியும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தாள். மேளம் நின்றது.

"அத்தை" என்று குப்பண்ணன் முன்னால் போனார். போகும்போது உறவுக்காரர்களுக்குப் பயந்த மனுஷன் இப்போது ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "ரயிலை நிறுத்துனது இவியதானுங்க. இவிய சங்கிலியைப் புடிச்சு இளுக்காட்டி மச்சான் இந்நேரம் பாலக்காடு போயிருப்பாரு. அவரு புஸ்தகம் படிச்சுட்டு இருந்தாரு."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அத்தை சிரிக்கவில்லை. தட்டை ராசம்மாளிடம் நீட்டினாள்.

"நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். நீ எடு."

ராசம்மாள் வாங்கிக்கொண்டாள். சேறு காயாத கையோடு இருவருக்கும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி, இருவர் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். அத்தை உள்ளே போய்விடவில்லை. முழுவதும் நின்று பார்த்தாள்.

நல்லதம்பி பத்திரத்தை விரித்தார். இரண்டு நிமிஷத்துக்கென்று பழகிய வாய்க்கு நிறுத்தத் தெரியவில்லை. 'கல்விக் கடலே, கலைமகள் தவப்புதல்வ' என்று ஆரம்பித்தது எக்ஸ்பிரஸ் வண்டியாகப் பறந்தது. துணைவேந்தர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, சித்தெ மெல்லப் படிங்க. எனக்கு அவசரமே இல்லீங்க."

நல்லதம்பி மூச்சு வாங்கிக்கொண்டு முதலிலிருந்து படித்தார். ஒவ்வொரு அடைமொழிக்கும் கைதட்டல் எழுந்தது. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயி கேட்டார்: "துணைவேந்தருக்கு என்னுங்க வேலை?"

"இன்னும் தெரியலீங்க, போயித்தான் பாக்கோணும்" என்றார் அவர். கூட்டம் சிரித்து அடங்கும்வரை காத்திருந்தார். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். படிக்கோணும்னு வர்றவங்களை வாசல்ல நிக்க உடாம உள்ளே கூட்டியாறது. அதைச் செய்யாட்டி மத்ததெல்லாம் செஞ்சு பிரயோசனமில்லீங்க."

"பொம்பளைப் புள்ளைங்களையுங்களா?" ராசம்மாளுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"அவங்களைத்தான் மொதல்ல. அதுக்குன்னே ஒரு விடுதி தொறக்கறோம், அம்மிணி. பாத்துக்கப் போறது உன்ற நங்கை."

இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகையோடு பந்தி நடந்தது. உறவுக்காரர்களில் சிலர் உட்காரவில்லை, மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். நாச்சம்மாள் அத்தை காமேசுவரியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பரிமாறுகிறவளிடம் மட்டும், "அவளுக்கு இன்னும் ரெண்டு சந்தகை வெய்யி. மெலிஞ்சு கெடக்கறா" என்றாள்.

சாயங்காலம் பொள்ளாச்சி வண்டி வந்தது. ஏறுவதற்கு முன் அண்ணன் குப்பண்ணனின் தோளைத் தொட்டார்.

"வெள்ளிக்கிழமை பதவி ஏத்துக்கறேன் மாப்பிள்ளை. கவர்னரு வர்றாரு, சமீன்தாருங்க வர்றாங்க. நம்மாளுன்னு அந்தக் கூட்டத்துல ஒருத்தரும் இல்லை."

குப்பண்ணன் யோசித்த நேரம் கொஞ்சந்தான். "ராசு, நீ போய்ட்டு வா."

"நானா? மாடு?"

"மாட்டுக்குத் தவுடு வெக்க எனக்குத் தெரியாதா? ஏறு புள்ள."

"இந்தச் சேத்துச் சேலையோடவா?"

அவளைக் காமேசுவரி கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டாள். யாக்கோபு பச்சைக் கொடியைக் காட்டாமல் இழுத்தடித்துக்கொண்டு நின்றார். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, அதற்குள் நாச்சம்மாள் அத்தை வீட்டிலிருந்து வேகுவேகென்று வந்து, ஒரு துணிமூட்டையை ஜன்னல் வழியாகத் திணித்தாள். அவளுடைய அரக்குப் பட்டும், வழிக்குக் கட்டிய சந்தகையும் அதில் இருந்தன.

கொடி அசைந்தது. செண்டை முழங்கிற்று. பழனிக்கு அப்பால் போயறியாத ராசம்மாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னதாகிக்கொண்டே போகிற கூட்டத்தைப் பார்த்தாள். மீனாட்சிபுரம் தாண்டியது. கொச்சி ராஜ்யம் முடிந்து சென்னை மாகாணம் தொடங்கியது. அண்ணன் புத்தகத்தைத் திறந்துவிட்டார். அவளுக்கு உட்காரவே முடியவில்லை.

"நங்கை" என்று கேட்டாள், "அங்க பொம்பளைங்க முன்வரிசையில உக்காரலாமுங்களா?"

"யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்" என்றாள் காமேசுவரி. "நான் உட்காரப் போகிறேன். நீ என் பக்கத்தில் உட்கார்."